நாக்கும் காதும்

நான் ரசாயனத்தில் தோற்றதற்குக் காரணம் எங்கள் வாத்தியாரின் நாக்குதான் என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவர் மலையாளத்துக்காரர். 'காலேஜ்' அவர் வாயில் 'கோலேஜ்' ஆகும். 'ஆயில்' 'ஓயில்' ஆகும். பின்வரிசையில் உட்கார்ந்து அதை அப்படியே சொல்லிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். வருஷக் கடைசியில் தோற்றேன். அப்பா கேட்டதற்கு, "அவர் பேசுவது ஒன்றும் புரிவதில்லை, அப்பா" என்றேன். அப்பா நம்பினார். நாளடைவில் நானும் நம்பிவிட்டேன். அதே வாத்தியாரிடம் படித்த முன்வரிசைப் பையன்கள் தேறினார்கள் என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டேன்.

சமீபத்தில் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் 1992-இல் வெளியிட்டது. 62 மாணவர்களுக்கு ஒரு சிறு சொற்பொழிவை ஒலிநாடாவில் போட்டுக் கேட்கச் செய்தார். பேசியவள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பெண். ஆனால் கேட்கும்போது சிலருக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார். சிலருக்கு ஓர் ஆசியப் பெண்ணின் படத்தை. படத்தில் இருப்பவளே பேசுகிறாள் என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களின் காதில், இல்லாத அந்நிய உச்சரிப்பு விழுந்தது! அது மட்டுமா? எவ்வளவு மனத்தில் பதிந்தது என்று சோதித்தபோது, அவர்களே குறைவாக மதிப்பெண் வாங்கினார்கள்.

குரல் ஒன்று, பாடம் ஒன்று. குறை எங்கே இருந்தது?

உச்சரிப்பு ஒரு இடைஞ்சலே அல்ல என்று நான் சாதிக்க வரவில்லை. புதிய பேச்சுக்குக் காது பழக நேரம் வேண்டும்தான். ஆனால் அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை என்று 2004-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி சொல்கிறது. அந்த ஒரு நிமிஷத்தை, ஒரு வருஷம் முழுவதும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

போன மாதம் சென்னையில் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். என் திருநெல்வேலித் தமிழில் 'வந்தாவ', 'சொன்னாவ' என்று இரண்டு வார்த்தை விழுந்திருக்கும். பின்வரிசையில் ஒரு பையன் வாயைக் கோணி அதைச் சொல்லிக் காட்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், எந்தப் பாடத்தில் தோற்கப் போகிறானோ என்றுதான் தோன்றியது.