கால் மணி நேர வியாதி

காருக்கு வருகிற வியாதிகளில் ரொம்ப மோசமானது, மெக்கானிக்கைக் கண்டதும் மறைந்துவிடுகிற வியாதி. பல்வலி மாதிரி. டாக்டர் வீட்டுப் படி ஏறினால் போய்விடும். காலையில் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகும். ஓடும்போது இருமலில்லை, தும்மலில்லை. நடுவில் எங்கேயாவது நிறுத்தி, மறுபடி கிளப்பினால் மட்டும் குளிர்ஜுரக்காரன் மாதிரி உதறும்.

1998 மே மாதம், திருச்சியில் என்னுடைய செகண்ட் ஹேண்ட் காருக்கு இதே கோளாறு. கார்புரேட்டர் வைத்த சின்ன வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம். தப்பு அதன் மேல் இல்லை.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு வெளியே வரும்போது பிழிந்து போட்ட வேட்டி மாதிரி இருப்பார். பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, வழியில் மருந்துக் கடை. வேப்ப மர நிழலில் நிறுத்தி, சீட்டைக் கொடுத்து, மருந்து வாங்கி, சில்லறைக்குக் காத்திருந்து திரும்பக் கால் மணி நேரம். சாவியைத் திருகினால் கூத்து ஆரம்பம். கிளம்பும், ஆனால் குலுங்கும். குப்பென்று கறுப்புப் புகை. பெட்ரோல் வாடை. ரெண்டு தரம் அணையும்.

"ஆக்ஸிலேட்டரை மிதிங்க சார், நல்லா மிதிங்க!" கடை வாசலில் நிற்கிற அத்தனை பேரும் அந்த நிமிஷம் ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அடுத்த தரம் இதையும் ஒரு நாலு மணி நேரம் மெஷின்ல படுக்க வைச்சுப் பாரேன்டா."

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஒரு பெருமூச்சு விட்டு, தீர்ப்பு சொன்னார். "ரிங் போயிடுச்சு சார். இன்ஜினை இறக்கிடலாம். 12,000 ஆகும்." அப்பாவின் ஒரு மாச டயாலிசிஸ் செலவே ஏறக்குறைய அவ்வளவுதான்.

நான் ஆபீசில் அக்கவுண்ட்ஸ். வவுச்சர் இல்லாமல் பத்து ரூபாய்கூடப் பாஸ் பண்ணுகிற பழக்கம் கிடையாது. 12,000 ரூபாய்க்கு வவுச்சர் எங்கே? டாஷ்போர்டில் ஒரு பாக்கெட் நோட்டு வைத்தேன். எப்போது அணைத்தேன், எப்போது கிளப்பினேன், எப்படி ஓடியது என்று ரெண்டு வாரம் எழுதினேன். ராத்திரி முழுக்க நின்று காலையில் கிளப்பினால், சுகம். பெட்ரோல் பங்க்கில் மூன்று நிமிஷம், சுகம். ஆஸ்பத்திரி வாசலில் நாலு மணி நேரம், சுகம். மருந்துக் கடையில் கால் மணி, அவஸ்தை. எல்லாத் தடவையும்!

மருந்துக் கடைக்கு எதிரே டாக்ஸி ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் நோட்டை நீட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார்.

"ரிங் போயிருந்தா காலையிலேயும் படுத்துமே தம்பி. புகையும் நீலமா வரும், ஆயில் எரியிற புகை. இது கறுப்பு. பெட்ரோல் ஜாஸ்தி. வண்டிக்கு அஜீரணம்."

அடுப்பை அணைத்த பிறகும் இட்லிப் பானைக்குள் கொஞ்ச நேரம் வேகும், இல்லையா? அதே கதைதான். ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, காற்று அடிக்கிறது, புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. அணைத்ததும் மூன்றும் நின்றுவிடும். இன்ஜினின் சூடு மெள்ள மேலே ஏறி கார்புரேட்டரைப் பிடிக்கும். பெட்ரோல் பல சரக்குகளின் கலவை. அதில் இருக்கும் பென்டேன் 36 டிகிரி செல்ஷியஸிலேயே கொதிக்கும்; கத்திரி வெயில் அதைவிடச் சூடு! கிண்ணத்தில் கிடக்கிற பெட்ரோல் பொங்கி இன்ஜினுக்குள் வழிகிறது. மூன்று நிமிஷத்தில் அவ்வளவு சூடு ஏறாது. நாலு மணி நேரத்தில் எல்லாம் ஆறிவிடும். கால் மணிதான் கண்டம்.

பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது வேறு கேஸ். அது பட்டினி. பழைய டாக்ஸிக்காரர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டது அதற்காக.

"மிதி மிதின்னு மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பீச்சும். முழுக்க ஒரே அழுத்தா அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டரைப் போடுங்க. காத்து உள்ளே போய் சரிக்கட்டிடும்" என்றார் பெரியவர். போட்டேன். ரெண்டு தும்மல், ஒரு புகை, சரியாகிவிட்டது. அப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

அது முதலுதவி. காரணம், பெரியவர் சொன்ன ஒர்க்‌ஷாப்பில் கிடைத்தது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே, சூடு ஏறாமல் தடுக்கத் தடியாக ஒரு பேக்லைட் துண்டு இருக்க வேண்டும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்தில் யாரோ அதைக் கழற்றி, மெல்லிசாக ஒரு பேப்பர் காஸ்கெட்டோடு விட்டிருந்தார்கள். புதுத் துண்டும் கூலியும் சேர்த்து 140 ரூபாய். ரசீது வாங்கிக்கொண்டேன்.

இன்றைய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. இன்ஜெக்டருக்குப் போகிற பெட்ரோல் அழுத்தத்தில் இருப்பதால் சுலபமாகக் கொதிக்காது. ஆனாலும் சூட்டில் மறுபடி கிளப்பினால் உதறுகிற வண்டிகள் உண்டு. இன்ஜெக்டர் ஒழுகியிருக்கலாம். அல்லது டெம்பரேச்சர் சென்சார் பழுதாகி, கொதிக்கிற இன்ஜினை 'குளிர்ந்திருக்கிறது' என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லலாம். அதை நம்பி அதுவும் பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம் போகும்போதும் அந்த நோட்டைக் கொண்டு போங்கள்.

ஒரு வேடிக்கை. பெட்ரோல் மிஞ்சிப்போனால், ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தி ஸ்டார்ட்டரைப் போட்டதும் பெட்ரோலை நிறுத்திவிட்டு வெறும் காற்றை உள்ளே விடும்படி பல கார்களின் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவரின் வைத்தியமேதான்! கடை வாசலில் நிற்கிறவர்கள் மட்டும் இன்னமும் "மிதிங்க சார், நல்லா மிதிங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.