மடியில் ஒரு கத்தி
(இரண்டாம் ஆண்டு, இளநிலைத் தாவரவியல்)

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனம் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கத்தியாகவும் இருக்கலாம். மனிதன் தன்னோடு கொண்டு செல்லும் சிறு கத்திகளுள் எது சிறந்தது என்று ஒரு போட்டி வைத்தால், நம் தாமிரபரணிக் கரையிலிருந்து எதை அனுப்பலாம்? திருநெல்வேலி என்றதும் திரைப்படக்காரர்கள் நீண்ட வெட்டரிவாளைத்தான் காட்டுவார்கள். அதை நான் போட்டியில் சேர்க்கவில்லை. இடுப்பிலோ சட்டைப்பையிலோ அடங்குகிற கத்திகளே என் கணக்கில் வரும்.

இரும்போடு நமக்குள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் ஏராளமாகக் கிடைத்தன. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. இத்தனை பழமையான இரும்பு நிலத்தில் ஒரே ஒரு கத்தியைத் தேர்ந்தெடுப்பது எளிய செயலா? மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பனையேறியின் பாளை அரிவாள். இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டியில் அது இருக்கும். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் சுரக்கும். வெட்டுவாய் காய்ந்து அடைபட்டால் சாறு நின்றுவிடும். தடிமனாகச் சீவினாலோ பாளை விரைவில் தீர்ந்துவிடும். ஆய்வகத்தில் தண்டின் குறுக்குவெட்டு எடுக்கத் திணறும் எங்களுக்கு அந்தக் கைத்திறனின் அருமை நன்கு விளங்கும். நாங்கள் மேசை முன் அமர்ந்து செய்வதை, அவர் மர உச்சியில் காற்றில் ஆடிக்கொண்டே செய்கிறார்!

இரண்டாவது, பேனாக்கத்தி. பென்சில் சீவவும், மாங்காய் நறுக்கவும், நூல் அறுக்கவும் பயன்படும் மடக்குக்கத்தி இது. ஐரோப்பாவில் பறவை இறகைச் சீவி எழுதுகோலாக்க வைத்திருந்த கத்தி இது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இறகுப் பேனா போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மூன்றாவது, நம் முன்னோரின் மடக்கெழுத்தாணி. எழுத்தாணிகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகை உண்டு. ஓலையை வாரிச் சீராக்கும் கத்தியை ஒரு முனையில் கொண்டது வாரெழுத்தாணி. பிடிக்குள்ளே மடங்கிக்கொள்வது மடக்கெழுத்தாணி. கத்தி, எழுத்தாணி இரண்டையும் ஒரே பிடிக்குள் மடித்து வைக்கும் வகையும் உண்டு. கத்தி விரிந்து ஓலையின் ஓரத்தைச் சீர்செய்யும். வேலை முடிந்ததும் மடங்கிக்கொள்ளும். பிறகு எழுத்தாணி விரியும். கீறிய எழுத்துக்களில் இலைச்சாறும் கரியும் கலந்த மையைத் தடவினால் அவை கண்ணுக்குப் புலனாகும். 1889இல் பத்துப்பாட்டை அச்சில் தந்த உ. வே. சாமிநாதையர், அதற்கு முன் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்த கதையை ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார். அவர் தேடி வந்த ஏடுகளெல்லாம் இப்படிப்பட்ட சிறு கருவிகளால் எழுதப்பட்டவையே.

என் பரிசு மடக்கெழுத்தாணிக்கே. தன் வேலையை முடித்துவிட்டு எழுத்துக்கு இடம் விட்டு ஒதுங்குகிற கத்தி அது ஒன்றுதான்.

ஆயினும் பரிசைக் கொடுக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அந்த ஓலையை மரத்திலிருந்து இறக்கியவர் யார்? பனையேறிதானே! ஓலை தந்தவர் இடுப்பில் பாளை அரிவாள் இருந்தது; எழுத்தாணியோ பெரும்பாலும் கவிராயர், கணக்கர், வைத்தியர் வீடுகளில்தான் இருந்தது. என் தாத்தா பனையேறி. ஆயிரக்கணக்கான ஓலைகளை வெட்டிப் போட்ட அவருக்குக் கைநாட்டு வைக்கத்தான் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் சட்டைப்பையில் இருக்கும் மலிவான பேனா, எங்கள் குடும்பத்துக்குப் பல தலைமுறை தாமதமாக வந்து சேர்ந்த எழுத்தாணி. இக்கல்லூரியில் பலர் சட்டைப்பையிலும் இருப்பது அதுவே என்பதை நானறிவேன்.

அதனால்தான் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். சாதிப் பகையால் வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்க அரசாணை போதும். கையை மாற்ற அது போதுமா? அது நம் வேலையன்றோ!

பாளை அரிவாள் பதநீர் தந்தது. பேனாக்கத்தி பென்சில் சீவித் தந்தது. மடக்கெழுத்தாணி ஏடு தந்தது. இம்மூன்றில் எதுவும் இன்னொரு மாணவனின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று. தோழர்களே, நம் வீடுகளுக்கு இவ்வளவு தாமதமாக வந்த எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் இரும்பைத் தூக்கினால், ஓலை வெட்டித் தந்த நம் பாட்டன்மாருக்கு என்ன பதில் சொல்வோம்?