கழுவிய கலம்

ஒரு பானத்தின் சுவைக்குக் காரணம் கூறப் புகுவோர் பழத்தைப் புகழ்வர், நீரைப் புகழ்வர், மலைக் குளிரையும் புகழ்வர். அது கிடந்த கலத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயின், நொதித்தலோடு தொடர்புடைய தொழில் எதனை எடுத்து நோக்கினும், அதன் ஆக்கமும் கேடும் பெரும்பாலும் கலத்தைக் கழுவும் கையிலேயே தங்கியிருத்தலைக் காணலாம். இவ்வுண்மையை அறிய இலங்கையின் மத்திய மலைநாட்டை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தொழிற்சாலைகளில், உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைக்கும் கட்டத்தை ‘நொதித்தல்’ என அழைப்பது நெடுநாள் வழக்கு. உண்மையில் அது நுண்ணங்கிகளின் வேலையன்று. இலையிலுள்ள நொதியங்கள் வளியிலுள்ள ஒட்சிசனின் துணையோடு நிகழ்த்தும் ஒட்சியேற்றமாகும். நுண்ணங்கிகள் அங்கே அழையா விருந்தாளிகள். உருட்டும் இயந்திரத்திலும் தட்டுக்களிலும் தரையிலும் ஒட்டிய இலைச்சாறு அகற்றப்படாது கிடப்பின், பற்றீரியாக்கள் அதில் பெருகும். அடுத்து வரும் கொழுந்து அவற்றோடு கலந்து, தேநீரிற் புளிப்பு வாடையை ஏற்றும். ஆதலால், இறுதி உருட்டல் முடிந்தபின் நீரும் தூரிகையும் கொண்டு ஒருவர் செய்யும் வேலை, பகலெல்லாம் மலைச்சரிவிற் கொழுந்து கொய்தவரின் உழைப்பைக் காக்கும் வேலையாகின்றது.

தோட்டங்களைச் சூழ்ந்த கிராமங்களிற் கித்துள் சீவுவோரும் இதே பாடத்தை வேறொரு வகையிற் கற்றவர்கள். பாளையிலிருந்து வடியும் இனிய நீர், பழைய நுரை ஒட்டிய கலத்தில் விழுந்தால் விரைவிற் கள்ளாகும். பாணியும் கருப்பட்டியும் வேண்டுவோர் கலத்தை நன்கு கழுவி உலர்த்துவர். ஹல் மரத்தின் பட்டைத் துண்டுகளை அதனுள் இட்டு நொதித்தலைத் தாமதிக்கச் செய்வர். யாழ்ப்பாணத்துப் பனையிலும் இதுவே நியதி. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிடிற் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று. கலம் மட்டுமே வேறு.

கைப்பழக்கத்தால் அறிந்த இதற்கு அறிவியல் விளக்கம் பிறந்தது பிரான்சிலாகும். 1856இல் லீல் நகரத்து ஆலையொன்றிற் பீற்றுக்கிழங்குச் சாற்றிலிருந்து அற்ககோல் வடிக்கையிற் சில தொட்டிகள் புளித்துக் கெட்டன. லூயி பாஸ்ரர் நுணுக்குக்காட்டியால் நோக்கி, நல்ல தொட்டியில் உருண்டையான மதுவக் கலங்களையும், கெட்டவற்றிற் கோல் வடிவான சிற்றுயிர்களையும் கண்டார். இலத்திக்கமில நொதித்தல் பற்றிய அவரது கட்டுரை 1857இல் வெளிவந்தது.

மேல்நாடுகளில் ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்து வீட்டிலேயே சைடர் ஆக்குவோர் பலர். இலங்கையில், 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மதுசாரம் ஆக்குதல் குற்றம். எனினும், அத்தொழிலைப் புதிதாகத் தொடங்குவோர் தடுமாறும் இடம் அறியத்தக்கது. கண்ணுக்குத் துலக்கமாகத் தோன்றும் போத்தல் தூயதென்று அவர்கள் நம்பிவிடுகின்றனர். துப்புரவாக்கல் வேறு, தொற்றுநீக்கல் வேறு. முன்னையது படிந்த அழுக்கை அகற்றுவது. பின்னையது எஞ்சிய நுண்ணங்கிகளைக் கொல்வது. அழுக்கின் அடியில் ஒளிந்திருக்கும் உயிரை மருந்து எட்டாதாகையால், இவ்வரிசையை மாற்றலாகாது. பிளாத்திக்குக் கலத்தை முரட்டு நாரினால் தேய்த்தலும் தவறு. கீறல் ஒவ்வொன்றும் பற்றீரியாக்களுக்கு மறைவிடமாகும்.

தொற்றுநீக்கலுக்குக் கொதிநீர் எளிய வழி. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். மதுவத்தையும் சாற்றைக் கெடுக்கும் பொதுவான பற்றீரியாக்களையும் கொல்ல அவ்வெப்பமே போதும். ஆனாற் குளிர்ந்த கண்ணாடியிற் கொதிநீரைத் திடீரென ஊற்றினால் அது வெடித்துவிடும். மணமற்ற வீட்டு வெளிற்றியாயின், 4 லீற்றர் நீருக்கு 15 மில்லிலீற்றர் கலந்து, 20 நிமிடம் ஊறவிட்டு, கொதித்தாறிய நீரினாற் பலமுறை அலச வேண்டும். எஞ்சும் குளோரீன் சைடருக்கு மருந்து வாடையைத் தரும். வெளிற்றியோடு வினாகிரியைக் கலப்பின் நச்சுவாயு எழும். இவ்வளவும் செய்தபின் மூடியையோ குழாயையோ மறந்துவிட்டால், அதிலிருந்து புகும் அசற்றிக்கமிலப் பற்றீரியா, வளியும் கிடைக்குமாயின், சைடரை வினாகிரியாக்கிவிடும்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கழுவுதலை நம் சமுதாயம் கீழான வேலையாக வகுத்து, அதனைச் செய்வோரையும் கீழானவராக வைத்துள்ளது. தேநீர் நன்றாயின் புகழ் இலைக்கும் தோட்டத்தின் பெயருக்கும் போகின்றது. தரையைக் கழுவியவரை எவரும் நினைப்பதில்லை. கழுவுதல் செம்மையாக நடந்தால் விளைவாக எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தவறினால் மாத்திரமே அவரது இருப்பு நினைவுக்கு வருகின்றது. 1925இல் நிறுவப்பெற்று இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்றவை ஆய்வின் வழியாக அறிவதை, அவர் மூக்கினாலும் விரல் நுனியினாலும் அறிகின்றார். அதுவும் அறிவே.

ஆய்வுகூடத்திற் சோதனைக்குழாயை நம்பி முடிவெழுதும் மாணவர், அதனைக் கழுவி வைத்த ஊழியரின் நேர்மையையே முதலில் நம்புகின்றார் என்பதை உணர்தல் வேண்டும்.