கடலோடிக்கு ஒரு சீட்டு

எமது வடகரையிலே ‘சீட்டு’ என்ற சொல் நல்ல நினைவுகளை எழுப்புவதில்லை. போர் நடந்த ஆண்டுகளில் மீனவன் தன் வள்ளத்தைக் கடலிலே தள்ளுவதற்கு முன்னர் காவலரணில் அனுமதிச் சீட்டைக் காட்டவேண்டியிருந்தது. எப்போது போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பவற்றை அவனது பட்டறிவோ காற்றின் போக்கோ தீர்மானிக்கவில்லை. துவக்கு ஏந்தியவன் தீர்மானித்தான். அந்தச் சீட்டிலே மீனவனின் பெயர் இருந்தது. அவனுடைய உயிரைப் பற்றிய அக்கறை இருக்கவில்லை.

ஆகவே, கனடாவிலே வாழும் எமது மாமா ‘படகுச் சீட்டு’ என்றதும் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை. மயிலிட்டியிலே பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே தகப்பனாருடன் தொழிலுக்குப் போனவர் அவர். 1990இல் ஊர் முழுவதும் பெயர்ந்தபோது அவரும் பெயர்ந்தார். மயிலிட்டித் துறைமுகம் 2017 வரை மக்கள் கைக்குத் திரும்பவில்லை. அவரோ ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையிலே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றுவிட்டார். சிம்கோ ஏரியிலே மீன்பிடிப்பதற்காக நண்பர் இருவருடன் சேர்ந்து, இயந்திரம் பூட்டிய சிறு படகொன்றை வாங்கியிருந்தார். பாடசாலை விடுமுறையில் நாம் அங்கு சென்றிருந்தபோதுதான் இந்தச் சீட்டு விவகாரம் எழுந்தது.

“கடலிலை பிறந்து வளர்ந்தவனுக்குக் குளத்திலை ஓட லைசென்சோ, தம்பி?” என்றார்.

கனடாவின் விதி இதுதான்: இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டுபவர் தமது தகுதிக்குச் சான்று வைத்திருத்தல் வேண்டும். 1999இல் வந்த இவ்விதி முதலில் இளவயதினரையும், பின்னர் மிகச் சிறிய படகுகளை ஓட்டுவோரையும், 2009 செப்டம்பரிலிருந்து வயது வேறுபாடின்றி எல்லோரையும் கட்டுப்படுத்தியது. 50 கேள்விகள், 75 வீதம் பெற்றால் தேர்ச்சி. ஒருமுறை பெற்ற அட்டை வாழ்நாள் முழுவதும் செல்லும்.

தேர்வு ஆங்கிலத்தில் இருந்தது. மாமாவின் ஆங்கிலமோ தொழிற்சாலை ஆங்கிலம். எனவே இரவுதோறும் நாம் பயிற்சி நூலைத் தமிழிலே சொல்ல, அவர் கேட்டார். கேட்டார் என்பதிலும் வழக்காடினார் என்பதே பொருந்தும்.

முதல் வழக்கு மிதவைகளைப் பற்றியது. எமது கடலிலே துறைமுகத்துள் நுழைகையில் சிவப்பு மிதவை இடப்புறம் இருக்கவேண்டும். அமெரிக்கக் கண்டங்களிலோ அது வலப்புறம் இருக்கவேண்டும். உலகம் இவ்விடயத்தில் இரு வலயங்களாகப் பிரிந்து கிடக்கின்றது. இதைக் கேட்டதும் மாமா எழுந்து உட்கார்ந்தார். ஊர்ப் பழக்கத்தை நம்பி இங்கே ஓடினால் ஆழமற்ற இடத்திலே படகு தட்டும் என்பதை எவரும் அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, குளிர்நீர். மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்த கணக்கொன்று அங்கே பரவலாகக் கற்பிக்கப்படுகின்றது: ஒன்று, பத்து, ஒன்று. குளிர்நீரில் விழுந்தவனுக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால்கள் பயன்படும் வகையில் இயங்கப் பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பத்து நிமிடத்தின் பின் கைகால்கள் சோர்ந்துவிட்டால், எத்துணைச் சிறந்த நீச்சற்காரனும் அங்கி இன்றித் தாண்டுபோவான். நீந்தத் தெரியும் என்ற துணிவே அவனுக்குப் பகையாகிவிடுகிறது.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: “நீந்தத் தெரியாமலோ எங்கடை ஆக்கள் கடலிலை செத்தவை?”

அந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சி நூலிலும் விடையில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வழக்காடுவதை நிறுத்திவிட்டார். தேர்விலும் தேறினார்.

கனடாவின் ஏற்பாடு குறைகளற்றது என்று நாம் கூறவரவில்லை. ஒவ்வொருவருக்கும் ஏற்ற அங்கி படகில் இருக்கவேண்டும் என்பதே விதி, அணிந்திருக்கவேண்டும் என்பதன்று. படகு விபத்துகளில் மூழ்கி இறப்போரிற் பெரும்பாலோர் அதனை அணியாதவர்களே. வாடகைப் படகை எடுப்பவருக்கு அவ்விடத்திலேயே நிரப்பும் ஒரு பட்டியல் போதுமாகிறது. சுக்கானைத் தொட்டறியாதவரும் மேசையிலிருந்தே அட்டை பெற்றுவிடலாம். வாடையும் கொண்டலும் சோளகமும் கச்சானும் எப்போது திரும்பும் என்று முகிலைப் பார்த்தே சொல்லும் மாமாவின் கல்வியை அந்த ஐம்பது கேள்விகளில் ஒன்றும் தொடவில்லை. எனினும், பொழுதுபோக்குக்காக நீரில் இறங்குபவனின் உயிரையும் ஒரு பொருட்டாக எண்ணி எழுதப்பட்ட விதி அது.

எமது நாட்டிலோ நீரில் இறங்குவோர் வயிற்றுக்காக இறங்குகின்றனர், படிப்புக்காக இறங்குகின்றனர். 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டனர். பாலம் கட்டி முடியாதிருந்தமையால் அந்தப் பாதையே அவர்களுக்குத் தெருவாக இருந்தது. அனுமதி யார் கொடுத்தார், பயிற்சி யாருக்கு இருந்தது, அங்கிகள் எங்கே என்ற கேள்விகளெல்லாம் பிள்ளைகளைப் புதைத்த பின்னர்தானே உரத்து எழுந்தன? குறிகட்டுவானிலிருந்து நாள்தோறும் தீவுகளுக்குப் படகேறும் மாணவரும் ஆசிரியரும் இக்கேள்விகளை இன்றே கேட்கவேண்டியவர்கள்.

நாம் தமிழ் கற்பிப்பவர்கள். நாவாய், வங்கம், அம்பி, தோணி, பஃறி என்று மரக்கலத்தின் பெயர்களை மாணவர் ஒப்புவித்தால் மகிழ்ந்து புள்ளியிடுகின்றோம். அதே மாணவனுக்கு உயிர்காப்பு அங்கியின் வாரை இறுக்கிக் கட்டும் முறையை எந்த வகுப்பிலும் எவரும் காட்டுவதில்லை. கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இதனைக் காட்டுவதற்கு ஒரு பிற்பகல் போதும்.

படகோட்டிக்கும் பயிற்சியும் உரிமமும் வேண்டும். ஆனால் அவை அலுவலகத்து மேசையில் அன்றிக் கரையிலே, தொழில் ஓய்ந்த வேளையிலே, அவனுடைய மொழியிலே நடத்தப்படல் வேண்டும். அங்கியின் விலை அவனது ஒருநாள் உலையை அணைப்பதாய் இருத்தலாகாது. காற்றறிந்த முதிய கடலோடிகள் அங்கே மாணவராக மட்டுமன்றி ஆசிரியராகவும் அமர்தல் வேண்டும். அவ்வாறு வரும் சீட்டை எமது மீனவன் காவலரணின் நினைவோடு அன்றி, தனக்கு உரியதொன்றாகக் கைநீட்டி வாங்குவான்.