ஆர் பார்த்தது?

பத்திரிகைத் தொழிலில் கற்ற முதற் பாடம், செய்தியைச் சந்தேகி என்பது. எந்தச் செய்தியைச் சந்தேகிக்கிறோம் என்பதில்தான் பக்கச்சார்பு ஒளிந்திருக்கிறது என்பதை மிகவும் தாமதமாகவே கற்றேன்.

2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகள் வன்னியிலிருந்து வெளியேறிய பின்னர், சுயாதீனமான சாட்சிகள் அங்கு அநேகமாக இல்லை. செய்தியாளர் செல்ல அனுமதியும் இல்லை. இரு தரப்பு அறிக்கைகளே எம்மிடம் எஞ்சின. ‘படைத்தரப்பு தெரிவித்தது’, ‘புலிகள் தரப்பு தெரிவித்தது’ என்று எழுதிவிட்டு, நடுநிலை காத்ததாக நிம்மதியடைந்தோம்.

2009 மே 18ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் கொல்லப்பட்டதாக அரச தொலைக்காட்சி அறிவித்தது. வாகனத்தில் தப்பிச்செல்ல முயன்றபோது என்றார்கள். அன்று மாலை, வன்னியில் மகளின் குடும்பத்தைத் தொலைத்திருந்த முதிய வாசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, உண்மையோ?”

“நம்பேலாது ஐயா. 1989இலும் இப்படித்தான் இந்தியப் பத்திரிகைகள் எழுதின. சுனாமிக்குப் பிறகும் கதை வந்தது” என்றேன். நான் சொன்ன காரணங்கள் பிழையானவை அல்ல.

மறுநாள் உடல் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. இப்போது நந்திக்கடலோரத்தில் கண்டெடுத்ததாகச் சொன்னார்கள். முதல்நாட் கதை மாறியது என் சந்தேகத்துக்கு வசதியாயிற்று. அதே வேளை, புலிகளின் சர்வதேச உறவுகளுக்குப் பொறுப்பாயிருந்த செல்வராசா பத்மநாதன், தலைவர் உயிருடன் இருக்கிறார் என அறிவித்தார். இடமில்லை, படமில்லை, குரலுமில்லை. ஆயினும் அன்றிரவு அந்த முதியவரை நானே அழைத்தேன்.

“உயிரோடு இருக்கிறாராம் ஐயா.”

சற்று மௌனம். பின்னர் கேட்டார்: “ஆர் பார்த்தது?”

என்னிடம் பதில் இல்லை. முதல்நாள் நான் ஆதாரம் கேட்ட கேள்வியை மறுநாள் அவர்தான் கேட்டார். விரும்பாத செய்திக்கு உடலைக் கண்ட பின்னரும் ஆதாரம் கேட்டவன், விரும்பிய செய்திக்கு ஒரு வரி அறிக்கையே போதுமென்றிருந்தேன்.

“அவரை விடுங்கோ தம்பி. முள்ளிவாய்க்காலிலை இருந்த சனம் எங்கை எண்டு ஆரும் சொன்னவையோ?” என்றார். அதற்கும் பதில் இல்லை. அந்த இரண்டு நாட்களும் அதை நான் எவரிடமும் கேட்டிருக்கவில்லை.

மே 24ஆம் திகதி பத்மநாதனே மரணத்தை உறுதிப்படுத்தினார். செய்தியை எழுதி முடித்தேன். அந்த முதியவரை அழைக்கத்தான் துணிவு வரவில்லை.