மொட்டைமாடிப் பாகல்

ஜூலை 6

ஒத்திகை தொடங்கிப் பத்து நாள். செடிகொடிகளைப் பற்றி நாற்பது நிமிட நடனம் என்று வீறாப்பாக ஒப்புக்கொண்டாயிற்று. நால்வரில் மூவர் பரதம் பயின்றவர்கள், அதுதான் வினை. மொட்டு என்றதும் கை முகுளமாகக் குவிகிறது, பூ என்றதும் அலபத்மம் விரிகிறது. பதினைந்து வருடப் பழக்கம், கூப்பிடாமலே வந்து நிற்கிறது. இரண்டுக்கும் இன்று தடை போட்டேன். அப்புறம் அரைமணி நேரம் கையை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஜூலை 9

இரவு தைவானின் கிளவுட் கேட் குழுவின் பதிவுகளைப் பார்த்தேன். லின் ஹ்வாய்-மின் 2013இல் அமைத்த ‘ரைஸ்’. அதற்காகத் தன் குழுவைச் சிஷாங் என்ற ஊரின் வயலுக்கே கூட்டிப்போய் அறுவடையில் இறக்கிவிட்டவர் அவர். மண், காற்று, மகரந்தம், வெயில், தீ, நீர் என்று பயிர் காண்பதெல்லாம் நடனத்தில் வருகிறது. யாரும் நாற்றுபோல வளைந்து காட்டவில்லை. கால் ஊன்றுவதிலேயே சேறு தெரிகிறது.

அவருடைய 1994 படைப்பொன்றில் மேடையில் 3.5 டன் அரிசி. துறவிபோல ஒருவர் அசையாமல் நிற்க, தலைமேல் அரிசி கொட்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “அரிசியைப் போய் மிதிக்கிறாங்களேடி!” தஞ்சாவூர்க்காரி. களத்தில் தாத்தா மிதிக்காத நெல்லா என்று கேட்டேன். “அது நெல்லு” என்று எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 14

மொட்டைமாடியில் அம்மாவின் பாகல் பந்தலேறிவிட்டது. குனிந்து பார்த்தேன். கயிற்றைப் பிடித்த பற்றுக்கம்பி முதலில் ஸ்பிரிங்போல வலப்பக்கம் சுருள்கிறது; நடுவில் கொஞ்சம் நேராக ஓடி, பிறகு இடப்பக்கம் சுருள்கிறது. எல்லாக் கம்பியிலும் இதே கதை. பிடி கிடைக்காதது மட்டும் ஒரே பக்கமாகச் சுருண்டு காய்கிறது. டார்வின் 1865இல் கொடிகளைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இதைக் குறித்திருக்கிறார்.

காரணம் புரிய ஒரு துண்டு போதும். இரண்டு நுனியையும் இருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நடுவை முறுக்கினேன். ஒரு பாதி வலம், மறுபாதி இடம். இரு முனையும் கட்டுண்டால் வேறு வழியில்லை.

ஜூலை 15

துண்டுக்குப் பதில் அம்மாவின் பழைய நூல்சேலை. இருவர் நுனியைப் பிடிக்க, நடுவில் சுற்றிக்கொண்டவள் மெல்லத் திரும்புகிறாள். முறுக்கு ஏற ஏற, நுனியில் நிற்பவர்கள் தாமாகவே அவளை நோக்கி இழுபடுகிறார்கள். நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. இந்தப் பத்து நிமிடம் நிற்கும்.

ஜூலை 22

மேடையில் மண் கொட்டக்கூடாது என்று அரங்கத்தில் சொல்லிவிட்டார்கள். முன்பணம் கட்டும்போது சொல்லவில்லை. போகட்டும், சேலை இருக்கிறது.

ஆகஸ்ட் 2

ஆடி முடித்தோம். சேலைக் காட்சியில் மூன்றாவது வரிசையில் இரண்டு செல்போன் வெளிச்சம். மெதுவாக நடப்பதைப் பார்க்க நமக்குப் பொறுமை குறைவுதான். வேகம் கூட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டவில்லை. விதைக் காட்சிதான் சொதப்பல். பயந்துபோய் ஒருத்தி முகுளம் பிடித்துவிட்டாள்.

வெளியே வந்ததும் ஒரு பெரியவர், “அது அவரைதானே?” என்றார். பாகல் என்றேன்.

நாளை ஒத்திகை இல்லை. பந்தலுக்கு இன்னொரு கயிறு கட்டவேண்டும்.