இரண்டு பிளஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்த தங்கமணி, "மதுரையிலிருந்து உங்க சித்தி" என்று போனை நீட்டினாள். சித்திக்கு மார்புக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. நான் ஹைதராபாத் வந்து பதினெட்டு வருடம். ஆராய்ச்சிக்கூடத்தில் ஜீன் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் குடும்பத்தில் எனக்கு அரை டாக்டர் அந்தஸ்து :)

"ஏண்டா, ரிப்போர்ட்டுல ஹெர்-2, ரெண்டு பிளஸ்னு போட்டிருக்கு. இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாதாம். ஃபிஷ்ஷுன்னு இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம். கட்டி ஒண்ணுதானே? காசு பிடுங்குறானுங்களோ?"

சட்டென்று பதில் வரவில்லை. எனக்குள் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆக்சிஜன் குறைவாகக் கொடுத்துச் செல்களை வளர்த்து, ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரியல்-டைம் பி.சி.ஆரில் அளந்தேன். துளியூண்டு ஆர்.என்.ஏ. போதும். ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பாகும். ஒரு சுற்று தாமதமாகத் தெரிந்தால் சரக்கு பாதி என்று அர்த்தம். ஆனால் எப்போதும் மாறாது என்று நம்பும் இன்னொரு ஜீனோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடவேண்டும். நான் எடுத்தது ஜி.ஏ.பி.டி.எச். எங்கள் ஜீன் பாதியாகிவிட்டது என்று மூன்று மாதம் குதித்தேன். வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தால் புரதம் குறையவே இல்லை. வேறு ஜீன்களோடு ஒப்பிட்டு மறுபடி அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆக்சிஜன் குறைந்தால் செல் சர்க்கரையை அதிகமாக உடைத்துப் பிழைக்கும். அந்த வேலைக்கான நொதிகளில் ஒன்றுதான் ஜி.ஏ.பி.டி.எச். ஏறியது அதுதான். படிக்கல்லே கனத்துப்போனால் கத்திரிக்காயைக் குறை சொல்லி என்ன பயன்?

மற்ற முறைகளும் லேசுப்பட்டவை அல்ல. 1977-ல் வந்த நார்தர்ன் பிளாட் ஆர்.என்.ஏ.யின் நீளத்தையும் காட்டும். ஆனால் ஆர்.என்.ஏ. நிறைய வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு ஜீன்தான். விரலில் இருக்கும் நொதி பட்டாலே ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும், அம்மா ஊறுகாய் ஜாடியில் ஈரக்கையை விடாதே என்று கத்துவது மாதிரிதான். 1995-ல் வந்த மைக்ரோஅர்ரே, பிறகு ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கான ஜீன்களைக் காட்டும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் தகட்டில் எதைப் பதித்தோமோ அது மட்டும்தான் தெரியும். சாயல் ஒத்தவை தப்பான இடத்தில் போய் ஒட்டும். 2008 வாக்கில் பரவிய ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் தெரியாததையும் காட்டும். ஆனால் அரிதானதைப் பிடிக்க மேலும் மேலும் படிக்கவேண்டும், செலவு ஏறும். தவிர, கட்டியை மொத்தமாக அரைத்துவிட்டால் எது எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று தெரியாது. அண்டா சாம்பாரில் ஒரு கரண்டி எடுத்து, எந்த முருங்கைக்காய் முற்றல் என்று கேட்கிற மாதிரி.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? கல்யாண சமையலைத் துணைக்கு அழைத்தேன்.

"ஜீன்ங்கறது சமையல் குறிப்பு நோட்டு சித்தி. ஆர்.என்.ஏ. அன்னிக்கு எழுதித் தர்ற சீட்டு. புரதம் இலையில விழுற பண்டம். உங்க முதல் டெஸ்ட் இலையைப் பாத்து எவ்வளவு விழுந்திருக்குன்னு நிறத்தை வெச்சு எடைபோட்டது. மூணு பிளஸ்னா அதிகம். பூஜ்யம், ஒண்ணுன்னா அதிகம் இல்லை. ரெண்டு நடுவுல. சதையை எப்போ ஃபார்மலின்ல போட்டாங்க, எவ்வளவு நேரம் வெச்சாங்கங்கறதைப் பொறுத்தும் நிறம் மாறும். ஃபிஷ்ஷுங்கறது நேரா நோட்டு எத்தனை இருக்குன்னு எண்ணுறது."

"அதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"நோட்டு பெருகியிருந்தா ட்ராஸ்டுசுமாப்னு ஒரு மருந்து வேலை செய்யும். இருக்கிறதை இல்லைன்னா அந்த மருந்து கிடைக்காது. இல்லாததை இருக்குன்னா ஒரு வருஷம் வீணா ஊசி. பணமும் போகும், இதயத்துக்கும் ஆபத்து வரலாம்."

"அப்ப முதல் டெஸ்ட் தப்பா?"

"தப்பில்லை சித்தி. தெரியலைன்னு நேர்மையா சொல்லியிருக்கு."

போனை வைத்த பிறகும் அதுவே மனதில் ஓடியது. என் பி.சி.ஆர். மெஷின் தசமப் புள்ளி வைத்து எண் கொடுத்தது. தெரியவில்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எந்த முறையும் முழுசாகப் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்வியை நாம்தான் கேட்கவேண்டும்.

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டினார். போன வாரம் ஃபிஷ் ரிப்போர்ட் வந்தது. ஜீன் பெருகியிருக்கிறது. சிகிச்சையில் அந்த மருந்தும் சேர்ந்திருக்கிறது.

நேற்று சித்தி பேசினார். "நோட்டை எண்ணாம விட்டிருந்தா என்னடா ஆயிருக்கும்?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. தீபாவளிக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை அல்ல. உங்கள் ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். ஆனால் இரண்டாவது டெஸ்ட் எதற்கு என்று கட்டாயம் கேளுங்கள்.